நாற்பத்தேழு கோலும் ஒரு வாளியும்

ஹாத்தர்ஸ்பி டவுன் நாற்பத்தோரு வருஷம் கழித்து லீக் கோப்பையைத் தூக்கிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஊரில் ஒருவருக்கும் தலைகால் புரியவில்லை. சர்ச்சில் மணியடிக்கிறவர் பதினொரு மணிக்குப் பதினாலு அடித்தார். ஏனய்யா என்று கேட்டதற்கு, கை நிற்க மாட்டேன் என்கிறது என்றார். கறிக்கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய அரைப் பன்றிக்கும் அணியின் கத்திரிப்பூ நிற மஃப்ளர் கட்டியிருந்தார். நகராட்சித் தலைவர் நேற்றுப் போட்ட அதே கோட்டோடு பூங்காக் குளத்தருகே உட்கார்ந்து, கடைசி நிமிஷக் கோல் எப்படி விழுந்தது என்று வாத்துகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வாத்துகளும் ரொட்டித் துண்டை எதிர்பார்த்துப் பொறுமையாகக் கேட்டன.

இப்படிப்பட்ட நாளில் தயங்கித் தயங்கி நடந்துபோன ஒரே ஆள் கிளெனிஸ் ஆர்மராட். ஐம்பத்தெட்டு வயது. ஆரம்பப் பள்ளிச் சமையல்கூடத்தின் தலைமைச் சமையல்காரி. நாற்பது நிமிஷத்தில் முந்நூறு தட்டு பரிமாறிவிடுவாள்; தலைமையாசிரியரே அவளிடம் இரண்டாவது கரண்டி கஸ்டர்ட் கேட்கத் தயங்குவார். அப்பேர்ப்பட்டவள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குப் பயந்துகொண்டு போனாள்.

கூடவே புருஷன் ஹெட்லி. நகராட்சிக் குப்பை லாரி ஓட்டுகிறவன். லாரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகி, வீட்டிலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படிதான் பேசுவான். இன்று மட்டும் வாயே திறக்கவில்லை. நேற்றுக் குடித்த பீர் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

வாளி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மில் லேன் மைதானத்தில், தகரக் கொட்டகையின் கீழே, நடுக்கோட்டுக்கு நேராக இருக்கும் கம்பியில் நாலு பேர் இருபத்தொன்பது வருஷமாக வரிசை மாறாமல் சாய்ந்து நிற்கிறார்கள். இடது பக்கத்திலிருந்து சொன்னால் லொரேன், நாரிஸ், கிளெனிஸ், ஹெட்லி. லொரேன் முடி அலங்காரக் கடை வைத்திருப்பவள். நாரிஸ் ஓய்வுபெற்ற தபால்காரர். சட்டதிட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. சீசன் நடக்கிற ஒன்பது மாதமும் மஃப்ளரைத் துவைக்கவே கூடாது என்பது முதல் சட்டம், துவைத்தால் ராசி போய்விடும். சீசன் முடிந்த மறுநாள் நாலு பேரும் ஃப்ளீஸ் என்ற பப்பின் பின்முற்றத்தில் கூடுவார்கள். நடுவில் சோப்புத் தண்ணீர் வாளி. கேள்வி ஒன்றுதான்: இந்த சீசனை ரசித்தாயா? ரசித்தவர் மஃப்ளரை நாற்றத்தோடு திரும்பக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். ரசிக்காதவர் வாளியில் போட வேண்டும். பரவாயில்லை, சுமார், ஏதோ இருந்தது என்ற பேச்செல்லாம் செல்லாது.

நாலில் ஒரு மஃப்ளர் வாளியில் விழுந்தாலும் போதும், அந்த வருஷத்து ராசிகள் அத்தனையும் நாலு பேருக்கும் சேர்த்துக் கழுவப்பட்டுவிடும். ஆகஸ்டில் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். ஒன்றுகூட விழாவிட்டால் எல்லா ராசியும் அப்படியே அடுத்த சீசனுக்குத் தொடரும்: ஹெட்லியின் ஓட்டைக் காலுறை, லொரேன் கார் நிறுத்தும் மூலை, நாரிஸ் சாப்பிடும் பட்டாணிக் கஞ்சி, எல்லாமே. இதுவரைக்கும் அப்படி ஒரு வருஷம்கூட வந்ததில்லை. நாரிஸ் ஒருவரே இருபத்தாறு தடவை போட்டுவிட்டார். மீதி மூன்று தடவையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

வாளி முன்னால் பொய்யும் கூடாது. ஒரு வருஷம் லொரேன், புது மஃப்ளர் சாயம் போய்விடுமே என்று, ரசித்தேன் என்று வாய்கூசாமல் சொன்னாள். அடுத்த ஆகஸ்டில் கோல்கீப்பர் பல் விளக்கும்போது தோள்பட்டையைப் பிசகிக்கொண்டான். அந்த வருஷம் அணி கீழ் லீகுக்கு இறங்கியது. அதற்கப்புறம் அந்தத் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

இனி கிளெனிஸின் சங்கடம்.

போன ஆகஸ்டில், சீசனின் முதல் ஆட்டத்தில், அவள் டீ வாங்கக் கொட்டகைக்குப் பின்னால் போன நேரத்தில் டவுன் ஒரு கோல் போட்டது. அடுத்த ஆட்டத்தில் கழிவறைக்குப் போனாள், கோல். மூன்றாவது ஆட்டத்தில் கழன்று விழுந்த காதணியைத் தேடிக் குனிந்தாள், நிமிர்வதற்குள் கோல். நான்காவது ஆட்டத்தில் எங்கேயும் போகாமல் தொண்ணூறு நிமிஷமும் கண்கொட்டாமல் நின்று பார்த்தாள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஐந்தாவது ஆட்டத்தில், மணிக்கூண்டைப் பார்ப்பதுபோல எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஹெட்லி மெதுவாகச் சொன்னான்: "கிளென், ஒரு டீ வாங்கிட்டு வாயேன்." அவள் டீக்கடை பாய்லர் பக்கம் போய்ச் சேர்வதற்குள் கொட்டகை அதிர்ந்தது.

அன்றைக்கே நாரிஸ் அதைச் சட்டமாக்கிவிட்டார். கோல் வேண்டுமென்றால் கிளெனிஸ் கம்பியில் நிற்கக் கூடாது. கோல் விழுந்ததும் வரலாம், அடுத்த கோல் தேவைப்படும்வரை நிற்கலாம். அப்படி நின்ற நேரங்களில் அவள் பார்க்காதது எதுவுமில்லை: த்ரோ-இன், ஆஃப்சைட், நடுவரின் தொப்பை, மைதானத்துக்குள் ஓடிவந்து கார்னர் கொடியை முகர்ந்துவிட்டுப் போன ஒரு நாய். கோல் மட்டும்தான் பார்க்கவில்லை. அக்டோபரில் கொட்டகை முழுவதற்கும் செய்தி பரவிவிட்டது. ஜனவரியில் பாட்டே வந்துவிட்டது. ஆட்டம் மந்தமானால் தொள்ளாயிரம் பேரும் கம்பியைத் தட்டிக்கொண்டு "கிளெனிஸ், டீ! கிளெனிஸ், டீ!" என்று கத்துவார்கள். அவளும் ராணி மாதிரி கையசைத்துக்கொண்டு நாடு கடத்தப்படுவாள்.

ஒன்பது மாதத்தில் சொந்த மைதானத்தில் டவுன் அடித்தது நாற்பத்தேழு கோல். கிளெனிஸ் பார்த்தது ஒன்றுமில்லை. ராத்திரி செல்போனில் காட்டுவார்கள்தான். ஆனால் அது அடுத்த வீட்டு ஜன்னலில் வருகிற வறுவல் வாசனையைப் பிடித்துக்கொண்டு படுப்பது மாதிரி, பசி அடங்காது.

ஆகவே அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். இன்று வாளியில் மஃப்ளரைப் போட்டுவிடுவது. மற்ற மூன்று பேரும் போடப்போவதில்லை. கோப்பை வென்ற வருஷத்தில் எவன் போடுவான்? அவளும் போடாவிட்டால் அடுத்த வருஷமும் டீக்கடைதான். அதற்கடுத்த வருஷமும். அவள் செத்தால் சாம்பலைக்கூட பாய்லருக்குப் பின்னால்தான் தூவுவார்கள். போட்டுவிட்டால் கம்பியில் அவள் இடம் திரும்பக் கிடைக்கும். ஒரே ஒரு தடை. ரசிக்கவில்லை என்று அவள் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும்.

பப்பின் பின்முற்றத்தில் லொரேன் மேஜைமேல் செருப்போடு ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். தலைமுடிக்குக் கத்திரிப்பூ சாயம் அடித்திருந்தாள். நாரிஸ் வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க! சாம்பியன் புருஷன், சாம்பியன் பொண்டாட்டி!" என்றாள் லொரேன். "அடியே கிளெனிஸ், நேத்து கோப்பையில டீ குடிச்சவ நீதானே? கேப்டன் தன் கையால ஊத்திக் குடுத்தானாமே!"

"ஊத்தினான். சக்கரை போட மறந்துட்டான்," என்றாள் கிளெனிஸ்.

"சக்கரை கேக்குது பாரு! நாங்கல்லாம் கோப்பையத் தொடவே முண்டியடிச்சோம்!"

நாரிஸ் தொண்டையைச் செருமினார். "இறங்கும்மா லொரேன். இது கோயில் மாதிரி எடம். ஒழுங்கா வரிசையில நில்லு."

"யோவ் நாரிஸ், உன் கண்ணு ஏன் செவந்திருக்கு? அழுதியா?"

"வெங்காயம்."

"காலங்காத்தால எந்த வெங்காயத்தய்யா உரிச்சே?"

"வீட்ல இருந்த வெங்காயத்த. நில்லுன்னா நில்லேன்!"

நாலு பேரும் கம்பியில் நிற்கும் வரிசையிலேயே வாளி முன்னால் நின்றார்கள். ஒன்பது மாத மஃப்ளர்கள் நாலும் வெயிலில் ஒன்றாக இருந்தபோது, பக்கத்து மேஜைக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். பீர், கறிக் குழம்பு, மழை, மூக்குச் சளி, லொரேனின் முடிச் சாயம், எல்லாம் அதில் இருந்தன.

"லொரேன் பிகர்ஸ்டாஃப்," என்றார் நாரிஸ். "இந்த சீசன ரசிச்சியா?"

"ரசிச்சேனாவா? என் வாழ்க்கையிலயே இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்ல. என் கல்யாணத்தையும் சேத்துதான் சொல்றேன்." கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு கல்யாணத்தையும்."

"மார்ச் மாசம் அஞ்சு ஆட்டம் வரிசையா ஜெயிக்கல. அதையும் சேத்தா?"

"அதையும் சேத்துதான்."

"அப்ப என் தோள்ல சாஞ்சு, இந்தக் கழகத்த இழுத்து மூடணும்னு அழுதியே?"

"ஆமா, அழுதேன். நல்லா அழுதேன். உனக்கு இன்னும் புரியலையா? அதெல்லாம்தான்யா ரசிக்கிறது!" மஃப்ளரை இரண்டு சுற்றாகக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

அடுத்தது நாரிஸ். தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும்போதும் முழுப்பேர்தான் சொல்லுவார். "நாரிஸ் துவைட். இந்த சீசன ரசிச்சியா?" இருபத்தொன்பது வருஷமாக வாளியைப் பார்த்தே பழகிய கை தானாக முன்னால் நீண்டது. மஃப்ளர் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே ஆடியது. கிளெனிஸ் அதையே பார்த்தாள். இந்த மனுஷன் போட்டுவிட்டால் போதும், அவள் வாயே திறக்க வேண்டாம்.

"அக்டோபர்ல ஒரு த்ரோ-இன்," என்றார் நாரிஸ். "நம்மளுது. அவங்களுக்குக் குடுத்தான் அந்த நடுவர்."

"அத விடுய்யா!"

"எப்படி விடறது? நம்மளுதும்மா அது." நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஆனா... ரசிச்சேன். எனக்கே வெட்கமா இருக்கு. காலைல எழுந்தா நெஞ்சுல ஒண்ணுமே அடைக்கல. டாக்டருக்குப் போன் பண்ணலாமானு பாத்தேன்." மஃப்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். வெங்காயம் மறுபடியும் வேலை செய்தது.

"கிளெனிஸ் ஆர்மராட்," என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இந்த சீசன ரசிச்சியா?"

லொரேன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இவள் என்ன செய்வாள் என்பது அவர்களுக்கும் தெரியாதா என்ன?

"கண்ணு," என்றாள் லொரேன், குழைந்து. "உனக்குக் கஷ்டம்தான். நாங்க மனுஷங்க இல்லையா, எங்களுக்குத் தெரியாதா? ஆனா அடுத்த வருஷம் மேல் லீக். அங்க இருக்கறவனெல்லாம் மலைமாடு மாதிரி இருக்கான். நீ மட்டும் பின்னாடி இல்லேனா நம்ம பசங்களால என்னடி பண்ண முடியும்?"

"உனக்கு மடக்கு நாற்காலி வாங்கித் தரோம்," என்றார் நாரிஸ். "குஷன் வச்சது."

"வாய மூடுங்க ரெண்டு பேரும்," என்றாள் கிளெனிஸ். "நான் யோசிக்கணும்."

மஃப்ளரை வாளிக்கு மேலே பிடித்தாள். 'இல்லை' என்ற ஒரு சொல்தான். உண்மையும்கூட. நாற்பத்தேழு கோல், ஒன்றையும் பார்க்கவில்லை. இதை ரசித்தேன் என்று எவளாவது சொல்வாளா? அவள் வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து வெர்னான் ஞாபகம் வந்து தொலைத்தது.

வெர்னான் டீக்கடைக்காரர். புறா வளர்ப்பவர். இருபது வருஷமாக அந்தத் தகரக் கொட்டகையின் முதுகில் கடை வைத்திருக்கிறார், ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பந்தில் இறகு இருந்தால் பார்த்திருப்பாராம். ஆனால் ஒரு கோலும் அவருக்குத் தப்பாது. கோல் விழுந்தால் தொள்ளாயிரம் பேர் குதிப்பார்கள், கூரைத் தகரத்திலிருந்து துரு உதிர்ந்து பாய்லரில் விழும், டீ பாழாகும். அதனால் முன்கூட்டியே மூடியைப் போட்டுவிட வேண்டும். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டபோது, "ஒரு நொடி எல்லாரும் மூச்ச இழுப்பாங்க, அப்ப போடணும்," என்றார். முதல் பத்து கோலுக்கு அவர்தான் மூடினார். பதினொன்றாவதுக்கு அவள் கை முந்திக்கொண்டது. பிறகு அது இரண்டு பேருக்கும் போட்டியாகிவிட்டது. டிசம்பரில், பனி கொட்டிய ஒரு மத்தியானம், கொட்டகைக்கு அந்தப் பக்கம் பந்து பறப்பது அவளுக்கு உடம்பு முழுவதும் தெரிந்தது. ஓ என்று ஆரம்பித்து, இல்லை என்று தொங்கி, மறுபடியும் ஓ என்று எழுந்து, தொள்ளாயிரம் பேரும் மூச்சை இழுத்தார்கள். அவள் மூடியைப் போட்டாள். தகரம் இடித்தது, துரு மழையாகக் கொட்டியது. அவள் ஒரு கையில் கரண்டியோடு பனியில் தனியாக ஆடினாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். வரிசையில் நின்ற போலீஸ்காரர் கைதட்டினார்.

நேற்று அதற்கும் மேல். ஓல்டன்ஷாவோடு கடைசி ஆட்டம், ஜெயித்தால் கோப்பை. நாலாவது நிமிஷத்திலேயே பாட்டுப் பாடி அவளை அனுப்பிவிட்டார்கள். எண்பத்தொன்பது நிமிஷம் பாய்லரோடு நின்றாள். கால் மரத்தது. இருந்த நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டு வெர்னானின் பென்சிலைக் கடித்தாள். தொண்ணூற்று மூன்றாவது நிமிஷத்தில் அந்த மூச்சு வந்தது. அவளும் வெர்னானும் ஒரே நேரத்தில் மூடிமேல் கை வைத்தார்கள். பிறகு வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது. இருபது வருஷமாகச் சிரித்தறியாத வெர்னான் அவள் இடுப்பைப் பிடித்து, பாய்லரைச் சுற்றி மூன்று சுற்று ஆடி, புறா மாதிரியே ஒரு சத்தம் போட்டார். கொட்டகையின் மறுபுறம் தொள்ளாயிரம் பேர் பாடியது அவள் பெயரை. கோல் போட்டவன் பெயர்கூட அப்புறம்தான் பாடினார்கள்.

அதை நினைத்ததும் வாளிக்கு மேலே நின்ற கிளெனிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். மூக்கு வழியாக வந்தது. லொரேனுக்கும் தொற்றிக்கொண்டது.

"என்னடி சிரிக்கிறே? சொல்லேன்!"

"முடியல," என்றாள் கிளெனிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இல்லனு சொல்லத்தான் வந்தேன். ராத்திரி பூரா கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்தேன். பொய்யாப் போகுது. பாழாப்போனவங்களே, நான் ரசிச்சுத் தொலச்சுட்டேன்!"

லொரேன் கூவிய கூவலில் உள்ளே யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். நாரிஸ் அவள் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "குஷன் வச்சது! கை வைக்கிற எடமும் இருக்கும்!" கிளெனிஸ் சிரித்துக்கொண்டேதான் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டாள். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. இனி அவ்வளவுதான். கம்பியில் அவள் இடத்தில் இனி நாரிஸின் முழங்கையும் லொரேனின் கைப்பையும்தான் இருக்கும். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கிடைத்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து வறுத்த உருளைக்கிழங்கு எப்போது வரும் என்று கேட்டாள்.

"வரும் வரும். டேய் ஹெட்லி, நீயும் சொல்லிட்டீன்னா சாப்பிடலாம்," என்றார் நாரிஸ். கேள்வியை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. ஆளை டீக்கு அனுப்பும் ராசியை ஆரம்பித்து வைத்ததே அவன்தானே?

ஹெட்லி மஃப்ளரைக் கழற்றினான். கையில் வைத்துக்கொண்டு புரட்டிப் பார்த்தான்.

"நான் ரசிக்கல," என்றான்.

குப்பை லாரிக்காரன் அவ்வளவு மெதுவாகப் பேசி அந்த முற்றம் கேட்டதில்லை.

"என்னடா உளர்றே?" என்றாள் லொரேன். "நேத்து நீ வேலி ஏறிக் குதிச்சு, ஒரு கால் ஷூவத் தொலச்சு, நடுவரக் கட்டிப் பிடிச்சே!"

"குதிச்சேன். இல்லேங்கல."

"அப்புறம்?"

ஹெட்லி அவர்களைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துப் பேசினான். "நாப்பத்தேழு தடவ பந்து வலைக்குள்ள போச்சு. நாப்பத்தேழு தடவையும் நான் இந்தப் பக்கம் திரும்பினேன்." இடது பக்கம் காட்டினான். "இருபத்தொன்பது வருஷப் பழக்கம். கோல் விழுந்தா உடம்பு தானாத் திரும்புது. கை தானாப் போகுது. திரும்பினா... நாரிஸ்."

"நான் என்னடா பண்ணேன்?" என்றார் நாரிஸ்.

"நீ ஒண்ணும் பண்ணலய்யா. நீ நாரிஸா இருந்தே, அவ்ளோதான். நேத்து கடைசி கோலுக்குக் கூடத் திரும்பி, கண்ண மூடிக்கிட்டு, முத்தம் குடுத்துட்டேன்."

"கன்னத்துல இல்ல," என்றார் நாரிஸ், லொரேனிடம், ரொம்ப கௌரவமாக.

"எனக்குத் தெரியும். நான் பாத்தேன்," என்றாள் லொரேன்.

"நான்தான் இவள அனுப்பினேன்," என்றான் ஹெட்லி. "ஒவ்வொரு வாட்டியும். அனுப்பாம இருக்க தைரியமில்ல. இவ நின்னு, கோல் விழாமப் போயிட்டா ஊரே என்னக் கொன்னுடுமேனு பயம். கோல் விழும், குதிப்பேன், திரும்புவேன், இவ இருக்கமாட்டா. வயித்துல ஒரு கல்லு விழும். அப்புறம் இவ டீயத் தூக்கிக்கிட்டு ஓடிவருவா, 'யார் போட்டது, யார் போட்டது'னு. நான் சொல்லணும். பக்கத்துலயே நின்னவளுக்கு நான் கதையாச் சொல்லணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கோப்பை கெடச்சுது. சந்தோஷம். ஆனா ரசிச்சியானு வாளி கேக்குது. ரசிக்கல."

போட்டுவிட்டான். தண்ணீர் அந்த நிமிஷமே பாய்லர் டீயின் நிறத்துக்கு மாறியது.

நாரிஸ் வாளி ஓரத்தில் மண்டியிட்டு விழுந்தார். "எல்லா ராசியும் போச்சே! நாப்பத்தோரு வருஷம் கழிச்சு ஒரு கோப்பை! இனிமே மேல் லீக்குல வெறும் ஆட்டத் திறமைய நம்பியாடா போகணும்? நம்ம பசங்களோட திறமைய?"

லொரேன் இரண்டு கையாலும் கத்திரிப்பூ நிறத் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கிளெனிஸின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் சத்தம் போடாமல் நாரிஸின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, "வாய்யா, உருளைக்கிழங்கு ஆறுது," என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

கிளெனிஸும் ஹெட்லியும் மட்டும் நின்றார்கள். அவளுக்கு அவனை நாலு அறை அறையவும் வேண்டியிருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது. நாற்பத்தேழு தடவை! ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்லவில்லையே, தடியன்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா ராசி கெட்டுப் போயிடுமே," என்றான் அவன், உண்மையாகவே குழம்பிப்போய்.

அவள் வாளியில் கையை விட்டு அவன் மஃப்ளரைக் கசக்கிப் பிழிய ஆரம்பித்தாள். அது இருந்த இருப்புக்கு மூன்று தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. நடுவில் சிரிப்பு வந்து வந்து, முழங்கைவரை நுரையோடு உட்கார்ந்துவிட்டாள். அவனும் தரையில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் உள்ளே போனபோது உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டிருந்தது.

ஆகஸ்டில் மேல் லீகின் முதல் ஆட்டம். லொரேன் சொன்னது சரிதான், எதிரணிக்காரர்கள் மலைமாடு மாதிரியே இருந்தார்கள். கிளெனிஸ் கம்பியில் தன் இடத்தில் நின்றாள். பத்தாவது நிமிஷம் டவுன் ஒரு கோல் வாங்கியது. முப்பதாவது நிமிஷம் இரண்டு. இடைவேளைக்குப் பிறகு மூன்று, நாலு. கொட்டகையில் யாரோ தயங்கித் தயங்கி "கிளெனிஸ், டீ" என்று ஆரம்பித்தான். ஹெட்லி திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் பாட்டை வேறு பாட்டாக மாற்றிக்கொண்டான்.

"எனக்கு லேசா தாகமா இருக்கு," என்றார் நாரிஸ், வானத்தைப் பார்த்து. "யாருக்காச்சும் டீ..."

"நீயே போய் வாங்கிக்கய்யா," என்றான் ஹெட்லி. கிளெனிஸின் கோட்டுக் கையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

எண்பத்தெட்டாவது நிமிஷம். பாதிக் கூட்டம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டது. டவுனுக்கு ஒரு கார்னர். பந்து வந்தது, யாரும் அடிக்கவில்லை. ஒருவன் தவறவிட்டான், இன்னொருவன் வழுக்கி விழுந்தான். பந்து ஒரு மலைமாட்டின் பின்புறத்தில் பட்டு, கோல் கம்பத்தில் பட்டு, யோசித்து, கோட்டைத் தாண்டி உருண்டது. இப்படி ஒரு அசிங்கமான கோலை மில் லேன் பார்த்ததில்லை. கிளெனிஸ் ஒவ்வொரு அங்குலமும் பார்த்தாள்.

தகரம் அதிர்ந்தது. கொட்டகைக்குப் பின்னால், மூச்சைக் கேட்கத் துணை இல்லாத வெர்னான் மூடி போடத் தவறிவிட்டு, புறாக்களின் பேரையெல்லாம் சொல்லித் திட்டுவது கேட்டது. ஹெட்லி இடது பக்கம் திரும்பினான். கை தானாகப் போனது. அவள் அங்கே இருந்தாள்.

"நாலுக்கு ஒண்ணு தோக்கறோம்," என்றார் நாரிஸ், கூசிப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு. "நாலுக்கு ஒண்ணு! இதுக்குப் போய் இப்படியா? மே மாசம் பெரிய வாளியாச் சொல்லி வைக்கணும்."

ஹெட்லியின் தோளில் முகத்தைப் புதைத்திருந்த கிளெனிஸ் ஒரு விரலை மட்டும் மேலே தூக்கிக் காட்டினாள்.

"ஒண்ணு," என்றாள்.